பாடசாலை விட்ட பின்னர்: அமெரிக்க மாநகரங்களின் நிதியாதரவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நிறுவனத்தின் நோக்கத்தை அறிய விரும்புவோர் அதன் பிரகடனங்களைப் படிக்கலாம். அதன் ஆயுளை அறிய விரும்புவோர் அதன் கணக்கேட்டைப் படித்தல் வேண்டும். உள்ளூராட்சி வரலாற்றில் அதிகம் ஆராயப்படாத ஒரு துறையிலே இவ்வுண்மை தெளிவாகப் புலப்படுகின்றது. பாடசாலை மணி அடித்த நேரத்திலிருந்து பெற்றோர் தொழில் முடிந்து வீடு திரும்பும் நேரம் வரை பிள்ளைகளைப் பராமரித்து, அவர்களுக்கு விளையாட்டும் வாசிப்பும் கைவினையும் அளிக்கும் மாலை நேர நிகழ்ச்சிகளே அத்துறையாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மாநகரங்களில் இந்நிகழ்ச்சிகளுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாறு நெடுகிலும் இவை பயனுடையனவா என்ற வினாவிலும் பார்க்க, இவற்றுக்கு யார், எந்த வடிவிற் பணம் தருவது என்ற வினாவே ஓயாது எழுந்து வந்துள்ளது.

மாநகர ஆட்சியின் ஆதரவு என்று நாம் பொதுவாகக் கூறுவது உண்மையில் ஒரே பொருளன்று. ஆண்டுதோறும் வழங்கப்படும் நன்கொடை போன்ற ஒதுக்கீடும் ஆதரவே. மக்கள் வாக்களித்துச் சட்டத்திற் பதித்த வரிப்பங்கும் ஆதரவே. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு எத்துணை முக்கியமானது என்பதைச் சில நகரங்களின் அனுபவத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நகரங்கள் கைத்தொழில் வளர்ச்சியாலும் ஐரோப்பியக் குடிவரவினாலும் பெருகின. அதே காலத்திற் கட்டாயக் கல்விச் சட்டங்களும் பரவின. 1852ஆம் ஆண்டு மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் தொடங்கிய இச்சட்டவாக்கம் 1918ஆம் ஆண்டளவில் எல்லா மாநிலங்களையும் எட்டியது. தொழிற்சாலையிலிருந்து பிள்ளை படிப்படியாக விடுபட்டது. ஆயினும் பாடசாலை அப்பிள்ளையின் நாள் முழுவதையும் ஏற்கவில்லை. பிற்பகல் முதல் இரவு உணவு வரையுள்ள பொழுது எவருடைய பொறுப்பிலும் இல்லாத பொழுதாயிற்று. நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த தொழிலாளர் பிள்ளைகளுக்கு அப்பொழுதைக் கழிக்க வீதியே எஞ்சியது.

அவ்வெற்றிடத்தை முதலில் நிரப்ப முன்வந்தது அரசன்று, தருமமே. 1860ஆம் ஆண்டு ஹார்ட்ஃபோர்ட் நகரில் வீதிச் சிறுவர்க்கென ஒரு கழகம் தொடங்கப்பட்டது. 1889ஆம் ஆண்டு ஜேன் அடம்ஸ் அம்மையாரும் எலன் கேற்ஸ் ஸ்ரார் அம்மையாரும் சிக்காகோவில் நிறுவிய ஹல் இல்லம், அயற்புறப் பிள்ளைகளுக்கான கழகங்களையும் வகுப்புகளையும் நடத்தியது. இவற்றின் தொண்டு பெரிது. ஆயின் தருமத்துக்கு ஓர் எல்லையுண்டு. கொடுப்போர் இருக்கும் இடத்துக்கு அது செல்லும். தேவை இருக்கும் இடமெல்லாம் அது செல்வதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முற்போக்குக் காலம் என வரலாற்றாசிரியர் குறிப்பிடும் ஆண்டுகளில், சீர்திருத்தவாதிகள் புதியதொரு வாதத்தை முன்வைத்தனர். பொதுமக்கள் பணத்தாற் கட்டப்பட்ட பாடசாலைக் கட்டடங்கள் பிற்பகலில் ஏன் பூட்டப்பட வேண்டும்? நூல்நிலையமும் உடற்பயிற்சிக் கூடமும் மண்டபமும் ஏற்கெனவே உள்ளன. வேண்டுவன விளக்கெரிக்கவும் ஆட்களை அமர்த்தவும் போதிய பணம் மட்டுமே. கருணையை நாடாது சிக்கனத்தை நாடிய இவ்வாதம் வரியிறுப்போரின் செவியில் ஏறியது.

றொச்செஸ்டர் நகரின் அனுபவம்

இவ்வாதம் பெருமளவிற் செயலுருப் பெற்ற முதல் நகரங்களுள் நியூயோர்க் மாநிலத்து றொச்செஸ்டர் குறிப்பிடத்தக்கது. அங்கு 1907ஆம் ஆண்டு தொழிலாளர் அமைப்பினரும் மாதர் அமைப்பினரும் உள்ளிட்ட குடிமை நிறுவனங்கள் பல ஒன்றுகூடி, பாடசாலைகளை மாலையில் திறந்து வைக்குமாறு கோரின. இதற்கென 5,000 டொலர் ஒதுக்கப்பட்டது. எட்வேட் ஜே. வார்ட் என்பவர் மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்டார். 14ஆம் இலக்கப் பாடசாலையில் தொடங்கிய முயற்சி விரைவிலேயே வேறு பாடசாலைகளுக்கும் பரவியது. சிறுவர், சிறுமியர்க்கு உடற்பயிற்சியும் வாசிப்பும் கழகங்களும் அமைந்தன. வளர்ந்தோர் அதே கட்டடத்தில் நகரப் பிரச்சினைகளை விவாதித்தனர். மாநில ஆளுநராக அப்போதிருந்த சார்ள்ஸ் எவன்ஸ் ஹியூஸ் இம்முயற்சியைப் பாராட்டினார்.

பாராட்டு நிதியாகி விடவில்லை. நகரின் கட்சி அதிகார பீடம், வளர்ந்தோர் நடத்திய தடையற்ற விவாதங்களை ஐயத்துடன் நோக்கியது. சோசலிசக் கருத்துடையோரும் அங்கே பேசினர் என்பது பெருங்குற்றமாக்கப்பட்டது. 1910ஆம் ஆண்டு வார்ட் அந்நகரை விட்டு விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் விரிவுச் சேவைக்குச் சென்றார். இம்முயற்சியில் முன்னின்ற பேராசிரியர் கென்றிக் ஷெட், செங்கொடி பற்றிக் கூறிய கருத்தினால் எழுந்த சர்ச்சையின் விளைவாக 1911ஆம் ஆண்டு றொச்செஸ்டர் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார். நிதி சுருங்கியது, நிலையங்களும் தம் பழைய உருவை இழந்தன.

இங்கு கவனிக்க வேண்டிய அம்சம் ஒன்றுண்டு. நிலையங்களை வீழ்த்துவதற்கு எச்சட்டத்தையும் நீக்க வேண்டிய தேவை எழவில்லை. அவை பயனற்றவை என்று நிறுவ வேண்டிய தேவையும் எழவில்லை. ஆண்டு ஒதுக்கீட்டைக் குறைப்பதே போதுமாயிற்று. வளர்ந்தோரின் அரசியற் பூசலுக்கு விலை கொடுத்தோருள் அப்பூசலில் எப்பங்கும் இல்லாத பிள்ளைகளும் இருந்தனர்.

மில்வோக்கி: ஆயிரத்துக்கு இருபது சதம்

வார்ட் சென்றடைந்த விஸ்கொன்சின் மாநிலத்திலேயே இதற்கு மாற்றான ஒரு வழி உருவாயிற்று. பாடசாலைக் கட்டடங்களிலும் விளையாட்டிடங்களிலும் ஓய்வு நேர நிகழ்ச்சிகளை நடத்துவதற்குத் தனியான வரி விதிக்க வழிசெய்யும் சட்டம் ஒன்று 1911ஆம் ஆண்டு அங்கே நிறைவேறியது. அச்சட்டத்தின்படி 1912ஆம் ஆண்டு மில்வோக்கி நகர வாக்காளர் ஒரு சிறு வரிக்குத் தம் சம்மதத்தை அளித்தனர். அதன் அளவு ஆதனப் பெறுமதியில் ஆயிரத்தில் ஒரு பங்கின் பத்தில் இரண்டு. அதாவது ஆயிரம் டொலர் பெறுமதியுள்ள ஆதனத்துக்கு 20 சதம். நாம் சோலைவரி என வழங்கும் இறையோடு ஒப்பிடத்தக்க ஆதன வரியில் இது ஒரு துளியே.

அத்துளி வற்றவில்லை. டொறதி எண்டரிஸ் அம்மையார் 1920 முதல் 1948 வரை இப்பணியின் தலைமையை வகித்த காலத்தில், மில்வோக்கி ‘ஒளியேற்றிய பாடசாலைகளின் நகரம்’ என்று நாடெங்கும் அறியப்பட்டது. நகர ஆட்சியிற் சோசலிச முதல்வரும் இருந்தனர், பிறரும் இருந்தனர். 1930களின் பெருமந்தமும் வந்து போயிற்று. பாடசாலைச் சபையின் கீழுள்ள அந்த ஓய்வு நேரப் பகுதி இன்றும் இயங்குகின்றது.

இரு நகரங்களையும் ஒப்பிடுமிடத்து, மில்வோக்கி மக்கள் றொச்செஸ்டர் மக்களிலும் பார்க்கத் தம் பிள்ளைகளை அதிகம் நேசித்தனர் என்று கூற இடமில்லை. ஓரிடத்திற் பணம் ஆண்டுதோறும் கேட்டுப் பெற வேண்டியதாயிருந்தது. மற்றையதில் மக்கள் ஒருமுறை தீர்மானித்த வீதம், ஆதனப் பெறுமதியோடு தானும் வளர்ந்தது. மாலை நேரத்தின் விதி இவ்வேறுபாட்டிலேயே தங்கியிருந்தது.

போரும் அதன் பின்னும்

இரண்டாம் உலகப் போர் இப்பிரச்சினையைச் சமஷ்டி அரசின் வாயிலுக்குக் கொண்டு சென்றது. போர்த் தொழிற்சாலைகள் பெண்களை அழைத்தன; அவர்களின் பிள்ளைகளைப் பார்ப்போர் யார் என்ற வினா எழுந்தது. லன்ஹம் சட்டம் எனப்பட்ட சட்டத்தின் கீழ் 1943 முதல் 1946 வரை சமஷ்டிப் பணம் நகரங்களுக்கும் பாடசாலைச் சபைகளுக்கும் வழங்கப்பட்டது. செலவில் ஒரு பகுதியை அவ்விடத்தவரும் ஏற்றனர். பாலர் நிலையங்களோடு, பாடசாலைப் பிள்ளைகளுக்கான மாலைப் பராமரிப்பும் இதில் அடங்கியது. போர்க்காலம் முழுவதிலும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இதனாற் பயனடைந்தனர் என மதிப்பிடுவர்.

போர் முடிந்ததும் 1946இல் அப்பணம் நின்றது. தாய்மார் தொழில் செய்வதோ பிள்ளைகள் பிற்பகலில் தனித்திருப்பதோ நின்றுவிடவில்லை. நின்றது பணம் மட்டுமே. பல இடங்களில் நிலையங்கள் மூடப்பட்டன. கலிபோர்னியாவில் மாநில அரசு அவற்றை ஏற்றுத் தொடர்ந்து நடத்தியது. நியூயோர்க்கில் தாய்மாரின் விடாப்பிடியான கிளர்ச்சியின் பின் மாநகர ஆட்சி பொறுப்பேற்றது. நெருக்கடியின் பெயரால் வரும் நிதி நெருக்கடியோடு போய்விடும் என்பதும், அவ்வேளையில் இடைவெளியை நிரப்ப வல்ல ஆட்சி அருகிலிருத்தல் வேண்டும் என்பதும் இக்காலப் பாடங்கள்.

மூன்று தசாப்தங்களின் பின் நகரங்களின் கைகளும் கட்டுண்டன. 1975ஆம் ஆண்டு நியூயோர்க் மாநகரம் வங்குரோத்தின் விளிம்பை அடைந்தது. 1978ஆம் ஆண்டு கலிபோர்னியா வாக்காளர் ஏற்ற 13ஆம் இலக்கப் பிரேரணை, ஆதன வரியைப் பெறுமதியின் நூற்றுக்கு ஒரு வீதமாக மட்டுப்படுத்தியது. அப்பெறுமதியையும், ஆதனம் கைமாறாதவரை, ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு இரு வீதத்துக்கு மேல் உயர்த்தலாகாது என்றது. செலவு குறைக்கப்பட வேண்டிய வேளையில் பொலிசும் தீயணைப்பும் முதலிற் காக்கப்பட்டன. விளையாட்டிடமும் நூல்நிலையமும் முதலில் வெட்டப்பட்டன. தாய், தந்தை இருவரும் தொழில் செய்யும் குடும்பங்கள் பெருகிய காலமும் இதுவே. வீட்டுத் திறப்பைக் கழுத்திற் கட்டிக்கொண்டு வெறும் வீட்டுக்குத் திரும்பும் பிள்ளையைப் பற்றி 1980களின் பத்திரிகைகள் ஓயாது எழுதின.

மாநகர முதல்வர்கள் சிலர் இதற்குச் செவிசாய்த்தனர். 1988ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகர முதல்வர் ரொம் பிராட்லி, மாநகர ஆட்சியும் பாடசாலை மாவட்டமும் தனியார் துறையும் இணைந்த மாலை நேரத் திட்டமொன்றைப் பத்து ஆரம்பப் பாடசாலைகளில் தொடக்கினார். 1991ஆம் ஆண்டு நியூயோர்க்கில் டேவிட் டிங்கின்ஸின் ஆட்சி ‘கலங்கரை விளக்கம்’ எனும் பொருள்படும் பெயருடன் பத்துப் பாடசாலைகளைச் சமூக நிலையங்களாகத் திறந்தது. இரண்டும் பின்னர் பன்மடங்கு விரிந்தன. ஆயினும் இவை ஒரு முதல்வரின் முனைப்பிற் பிறந்தவை. அத்தகைய முனைப்பு அடுத்தவருக்கு மரபுரிமையாகச் செல்லும் என்பதற்கு உறுதி எதுவுமில்லை.

சன் பிரான்சிஸ்கோ: நகரம் தன் கையைத் தானே கட்டியமை

இந்நிலையிற் சன் பிரான்சிஸ்கோ நகரில் நிகழ்ந்தது தனிக்கவனத்துக்குரியது. அங்கே பிள்ளைகளுக்காக வாதாடிய கோல்மன் என்னும் அமைப்பு, 1980களில் மாநகரசபையின் வரவு செலவுத் திட்டத்தை வரிவரியாக ஆராய்ந்து, அதிற் பிள்ளைகளுக்குச் செல்வது எவ்வளவு என்று கணித்துக் காட்டியது. ஆண்டுதோறும் ஒதுக்கீட்டுக்காக மன்றாடுவதும், கிடைத்ததை மறு ஆண்டு இழப்பதும் அவ்வமைப்பினர்க்குச் சலித்தன. அவர்கள் கையொப்பம் திரட்டி, நகர சாசனத்தையே திருத்தும் பிரேரணையை 1991ஆம் ஆண்டு நவம்பரில் வாக்காளர் முன் வைத்து வென்றனர்.

‘ஜே’ என்ற எழுத்தாற் குறிக்கப்பட்ட அப்பிரேரணையின் உள்ளடக்கம் நுட்பமானது. ஆதனப் பெறுமதியின் ஒவ்வொரு நூறு டொலருக்கும் இரண்டரைச் சதம் பிள்ளைகளுக்கான நிதியத்துக்குச் செல்லும். ஆயிரத்துக்குக் கணக்கிட்டால் 25 சதம். எண்பது ஆண்டுகளுக்கு முன் மில்வோக்கி ஏற்ற 20 சதத்துக்கு இஃது எத்துணை அண்மையில் உள்ளது! ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மில்வோக்கியில் மக்கள் புதிய வரியை ஏற்றனர். 13ஆம் இலக்கப் பிரேரணையின் பின் கலிபோர்னியாவில் அவ்வழி அடைபட்டிருந்தது. எனவே சன் பிரான்சிஸ்கோ மக்கள், ஏற்கெனவே அறவிடப்படும் வரியிலிருந்து ஒரு பங்கைப் பிரித்து வைத்தனர். அதாவது நகரம் புதிதாகப் பணம் தேடவில்லை. உள்ள பணத்தில் பிள்ளைகளின் பங்கைத் தொடும் உரிமையைத் தானே துறந்தது.

மற்றொரு பாதுகாப்பும் அதில் இடம்பெற்றது. முன்னர் பிள்ளைகளுக்குச் செலவிட்ட தொகையை நகரம் குறைத்துக்கொண்டு அவ்விடத்தில் புதிய நிதியத்தைப் பயன்படுத்தலாகாது என்று அது விதித்தது. இவ்விதி இல்லாவிடில் வலக்கை கொடுத்ததை இடக்கை எடுத்திருக்கும். இந்நிதியத்தை வாக்காளர் 2000ஆம் ஆண்டு நூறு டொலருக்கு மூன்று சதமாக உயர்த்திப் புதுப்பித்தனர். 2014ஆம் ஆண்டு அதனைப் படிப்படியாக நான்கு சதமாக்கி மேலும் 25 ஆண்டுகளுக்கு நீடித்தனர். அயல்நகரான ஓக்லாந்து 1996ஆம் ஆண்டு இதே நோக்கத்தை வேறு வழியில் எய்தியது; நகரின் கட்டுப்பாடற்ற பொது வருமானத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதத்தைப் பிள்ளைகளுக்கென ஒதுக்கியது.

மேலிருந்து வரும் பணமும் நகரின் பங்கும்

1990களின் இறுதியிலிருந்து மேல்மட்ட அரசுகளின் பணமும் பெருகியது. ‘இருபத்தோராம் நூற்றாண்டுச் சமூகக் கற்றல் நிலையங்கள்’ என்ற சமஷ்டித் திட்டத்துக்கு 1998ஆம் ஆண்டு நான்கு கோடி டொலர் ஒதுக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டு அது நூறு கோடி டொலராயிற்று. கலிபோர்னியாவில் நடிகர் ஆர்னோல்ட் ஷ்வார்செனேகர் முன்னின்று நடத்திய 49ஆம் இலக்கப் பிரேரணையை 2002ஆம் ஆண்டு வாக்காளர் ஏற்றனர். அதன்படி 2006-07 நிதியாண்டு முதல் மாலை நேர நிகழ்ச்சிகளுக்கு ஆண்டுக்கு 55 கோடி டொலர் உறுதி செய்யப்பட்டது.

இவ்வுறுதி மேலோட்டமாக நோக்குவோர்க்கு முழுமையானதாகத் தோன்றும். ஆனால் அது ஒரு தொகைக்குரிய உறுதியே, வீதத்துக்குரியதன்று. பிள்ளை ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏழரை டொலர் என 2006ஆம் ஆண்டளவில் வகுக்கப்பட்ட மானியம் 2017ஆம் ஆண்டு வரை மாறாதிருந்தது. அதற்கிடையில் மாநிலத்தின் ஆகக்குறைந்த சம்பளம் பல தடவை உயர்ந்தது. சட்டத்தை மீறாமலே விலைவாசி அம்மானியத்தை ஆண்டுதோறும் அரித்தது. றொச்செஸ்டரில் ஓர் அரசியற்குழு செய்ததை இங்கே பணவீக்கம் ஓசையின்றிச் செய்தது எனலாம்.

மேலும் அம்மாநில மானியத்தைப் பெறுவோர் அதன் மூன்றில் ஒரு பங்குக்கு ஈடான உள்ளூர்ப் பங்களிப்பைப் பணமாகவோ சேவையாகவோ காட்ட வேண்டும். கட்டடத்தின் பெறுமதியை அப்பங்களிப்பின் நாலில் ஒரு பகுதிக்கு மேற் கணக்கிலே சேர்க்க இயலாது. நகர ஆட்சியின் இடம் இங்கேதான் தெளிவாகின்றது. வறிய அயற்புறத்துப் பாடசாலை ஒன்று அப்பங்களிப்பைத் தனித்துத் தேடுதல் அரிது. நகரம் தன் நிதியத்தாலும் விளையாட்டுத் திணைக்களத்தாலும் நூல்நிலையத்தாலும் அதனை ஈடுசெய்யுமிடத்து மேலிருந்து வரும் பணம் கைக்கெட்டுகின்றது. நகரத்தின் ஒரு டொலர் தன் பெறுமதிக்கு மேலாக வேலை செய்வது இவ்வாறே.

சமஷ்டி மானியமோ சில ஆண்டுகளுக்கே வழங்கப்படுவது. போட்டியிட்டுப் பெற வேண்டியது. 2017ஆம் ஆண்டு அரசாங்கம் அத்திட்டத்தை முற்றாக நீக்க முன்மொழிந்தபோது கொங்கிரஸ் அதனைக் காத்தது. 2025ஆம் ஆண்டு யூலையில் விடுவிக்கப்பட வேண்டிய பணம் சில வாரங்கள் தடுத்து வைக்கப்பட்டுப் பின்னரே விடுவிக்கப்பட்டது. நிலையத்தை நடத்துவோர்க்குச் சில வாரத் தாமதமும் சிறிதன்று. ஆசிரியரை அமர்த்துவதா, பெற்றோருக்குக் கதவடைப்பை அறிவிப்பதா என அவர்கள் முடிவு செய்ய வேண்டியது அவ்வாரங்களிலேயே. செல்வம் மிக்க நியூயோர்க் மாநகரிலும் 2012ஆம் ஆண்டளவில் மாநகர முதல்வர் மைக்கல் புளூம்பேர்க் மாலை நேர இடங்களைக் குறைக்க முன்மொழிவதும், மாநகரசபை இறுதி வேளையில் அவற்றை மீட்பதும் நிகழ்ந்தன. றொச்செஸ்டரின் கதை முடிந்துவிடவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றிலிருந்து நிதியாதரவின் மூன்று வடிவங்களைப் பிரித்தறியலாம். ஆண்டுக்கு ஆண்டு அளிக்கப்படும் ஒதுக்கீடு ஆட்சியாளரின் மனத்தோடு மாறும். நிலையான தொகை ஆட்சியாளரிடமிருந்து தப்பினும் விலைவாசியிடமிருந்து தப்பாது. வருமானத்தின் விகிதாசாரமாக அமைந்த பங்கே இரண்டையும் தாங்கி நின்றது. மில்வோக்கியும் சன் பிரான்சிஸ்கோவும் இதற்குச் சான்று.

இதற்கு மறுப்புரைகளும் உள. வருமானத்திற் பங்கு பிரித்து வைப்பது மாநகரசபையின் கையைக் கட்டுகின்றது. ஒவ்வொரு துறையும் தன் பங்கைக் கோரினால் எதிர்பாராத தேவைக்கு என்ன எஞ்சும் என்று கேட்போர் உளர். அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும் வாக்குரிமையற்ற பிள்ளைகள் வரவு செலவு விவாதத்தில் தமக்காகக் குரலெழுப்ப இயலாதோர். அவர்களின் பங்கை முன்கூட்டியே காப்பதை ஏனைய துறைகளின் கோரிக்கையோடு ஒருசேர வைத்தல் பொருந்தாது. சன் பிரான்சிஸ்கோ தன் பிரேரணைக்குக் காலவரையறை விதித்து, வாக்காளர் மீண்டும் சிந்திக்க இடம் விட்டமையும் இங்கே நினைத்தற்குரியது.

இரண்டாவது மறுப்பு இதனினும் வலியது. ஆயிரத்துக்கு 25 சதம் என்பது செல்வந்த நகரிற் பெருநிதியாகும். ஆதனப் பெறுமதி வீழ்ந்த வறிய நகரில் அதே வீதம் சில வகுப்புகளுக்கும் போதாது. விகிதாசாரப் பங்கு காலத்தின் மாற்றத்தைத் தாங்கும். இடத்துக்கு இடமுள்ள ஏற்றத்தாழ்வை அது நீக்காது. அதனை நீக்க மாநில, சமஷ்டி அரசுகளின் பணம் இன்றியமையாதது. எனவே நகரத்தின் பணி இருபக்கமுடையது. தன் பங்கைச் சட்டத்தால் உறுதி செய்தல் ஒன்று. அப்பங்கைக் கைப்பொருளாகக் கொண்டு மேலுள்ள நிதியைத் தன் வறிய அயற்புறங்களுக்கு ஈர்த்தல் மற்றொன்று. முன்னையது இன்றிப் பின்னையது ஒரு மானியக் காலத்தோடு முடியும். பின்னையது இன்றி முன்னையது வசதியுள்ள நகரங்களின் சிறப்புரிமையாகவே நின்றுவிடும்.

பிள்ளைகளின் மாலைப் பொழுதுக்கு அமெரிக்க நகரங்களில் நண்பர் குறைவாயிருந்ததில்லை. ஆளுநர் பாராட்டினர், முதல்வர்கள் திறந்து வைத்தனர். விளக்குகள் தொடர்ந்து எரிந்தமைக்குக் காரணம் அப்பாராட்டுகளல்ல. நகரவாசிகள் தம் வரியில் ஆயிரத்துக்கு இருபது சதம், இருபத்தைந்து சதம் என ஒரு சிறு பங்கைக் குறித்து, அதனை ஆட்சியாளர் விரும்பியவாறு மீள எடுக்க முடியாதபடி எழுதி வைத்தமையே காரணம்.